மருந்து வராத மாதத்தை வைத்து ஒரு தெரிவு

வெள்ளவத்தையில் என் தங்கை வீட்டு மதிலோரம் ஒரு செவ்வரத்தை நிற்கிறது. சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சுவாமிப் படத்துக்குப் பூப்பறிக்கப் போன அவளுடைய மகள், பறித்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றிருக்கிறாள். ஒரு கண்ணைப் பொத்தினால் பூ சிவப்பு. மற்றக் கண்ணைப் பொத்தினால் வெயிலில் கிடந்த செங்கல். கண்ணை அசைத்தால் உள்ளே வலி. "பெரியம்மா, கண்ணாடி மாற்ற வேண்டுமோ?" என்று தொலைபேசியில் கேட்டாள். எனக்கு அது கண்ணாடி விடயமாகத் தோன்றவில்லை. முதலில் காட்டிய இடத்தில் துளி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

எட்டு மாதம் கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முதுகில் ஊசியேற்றி, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் முண்ணாண் பாய்பொருளை எடுத்தார்கள், கடைசியில் மல்டிப்பிள் ஸ்க்ளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்றார்கள். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் கவசத்தை நோயை எதிர்க்கவென்று உடம்பில் உள்ள சொந்த நிர்ப்பீடனக் கலங்களே உரித்தெறியும் நோய். உலகில் 28 இலட்சம் பேருக்கு இருப்பதாக 2020இல் கணக்கிட்டார்கள். நம் பக்கத்தில் குறைவு. குறைவு என்பதாலேயே வீட்டில் யாரும் பெயரைக்கூடக் கேட்டதில்லை. நரம்பியல் நிபுணர் ஒரு தாளில் மூன்று மருந்துகளின் பெயரை எழுதி, "வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்றார். நாட்டலிசுமாப், பிங்கோலிமொட், ரிட்டுக்ஸிமாப். தங்கை அந்தத் தாளை மடித்து என்னிடம் கொண்டுவந்து தந்தாள், சீட்டுக் காசு தருவது போல.

நான் வைத்தியர் அல்ல. கொழும்பில் ஆய்வுகூடங்களில் முப்பது வருடம் நுணுக்குக்காட்டிக்குப் பின்னால் இருந்தவள். ஆகவே மூன்று மருந்துகளையும் எனக்குத் தெரிந்த ஒரே கோணத்திலிருந்து பார்த்தேன்: கலங்கள் எங்கே இருக்கின்றன, எத்தனை, யார் அவற்றை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள்.

முண்ணாண் பாய்பொருள் வந்தால் ஆய்வுகூடத்தில் மற்ற வேலைகளைக் கீழே வைத்துவிடுவோம். எடுத்துச் சற்று நேரத்திலேயே அதில் உள்ள கலங்கள் சிதையத் தொடங்கிவிடும். எண்ணுவதற்கென்று கோடு போட்ட சிறு கண்ணாடித் தட்டில் ஒரு துளி விட்டு, மூடுதகடு வைத்து, கலங்கள் அடியில் படியும்வரை பொறுத்திருந்து எண்ண வேண்டும். ஒரு மைக்ரோலீட்டர் குருதியில் 4,000 முதல் 11,000 வரை வெண்குழியங்கள் இருக்கும். இந்தப் பாய்பொருளிலோ 5க்கு மேல் தெரிந்தாலே வாட்டுக்குத் தொலைபேசி எடுப்போம். பல துளிகளில் கோடுகளைத் தவிர எதுவும் தெரியாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் துளி சரியாக விழவில்லையோ என்று இரண்டாம் முறை விடுவார்கள்.

அந்த வெறுமையை வைத்துத்தான் மூளைக்குள் நிர்ப்பீடனத்துக்கு வேலையே இல்லை என்று நீண்டகாலம் நம்பினார்கள். 1885இல் போல் ஏர்லிக் விலங்குகளின் குருதியில் சாயம் ஏற்றியபோது உடம்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளை மட்டும் வெளிறிக் கிடந்தது. 1948இல் பீற்றர் மெடவர் முயலின் மூளைக்குள் அந்நியத் தோலை ஒட்டிப் பார்த்தார். உடம்பு எதிர்க்கவில்லை. ஆனால் அதே தோலை முயலின் மேல்தோலிலும் முன்கூட்டியே ஒட்டியிருந்தால், மூளைக்குள் இருந்த துண்டும் அழிந்தது. அதாவது கதவு இல்லாமல் இல்லை; உள்ளே வர முதலில் வெளியே யாரோ தகவல் சொல்ல வேண்டியிருக்கிறது. வெறுமை என்ற கணக்கும் பிழைதான். ஒரு மனிதரில் ஏறக்குறைய 150 மில்லிலீட்டர் முண்ணாண் பாய்பொருள் இருக்கிறது. மைக்ரோலீட்டருக்கு ஒரே ஒரு கலம் என்று வைத்தாலும் ஒன்றரை இலட்சம் கலங்கள் அதில் ரோந்து போகின்றன. இந்த ரோந்துக்காரரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படுவார்கள்.

மூளைக்குள் ஒரு கலம் நுழைவதை எப்படி விளக்குவது என்று யோசித்தபோது, கொழும்புத் தமிழருக்கு அதை விளக்கவே தேவையில்லை என்று பட்டது. சோதனைச் சாவடி என்றால் என்ன என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

உடம்பின் மற்ற இடங்களில் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர் பனையோலை வேலி மாதிரி, இடுக்கில் புகலாம். மூளையிலும் முண்ணாணிலும் அது சீமெந்து பூசிய மதில். சுவர்க் கலங்கள் ஒன்றோடொன்று இறுக்கித் தைக்கப்பட்டிருக்கின்றன. குருதியோட்டத்தில் அடித்துச் செல்லப்படும் வெண்குழியம் முதலில் இந்த மதிலை உரசி வேகம் குறைகிறது. பிறகு தன் மேற்பரப்பில் உள்ள ஆல்பா-4 இன்டெகிரின் என்ற கொக்கியால் சுவரில் உள்ள வீகாம்-1 என்ற பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. அடையாள அட்டையை நீட்டும் இடம் இதுதான். நின்ற பிறகும் உடனே புகுவதில்லை. சுவரோடு ஒட்டியபடி, சில வேளைகளில் குருதியோட்டத்துக்கு எதிராகவே ஊர்ந்து, கடக்க வாகான இடத்தைத் தேடுகிறது.

மதிலைக் கடந்ததும் மூளை வந்துவிடாது. மதிலுக்கும் மூளைத் திசுவுக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய இடைவெளி. அதற்கப்பால் நட்சத்திர வடிவத் துணைக்கலங்கள் தங்கள் பாதங்களை நெருக்கி வைத்துக் கட்டிய இரண்டாம் வேலி. இடைவெளியில் காத்திருக்க வேண்டும். யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வந்தவர்கள் கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில், பொலிஸ் பதிவுத் துண்டு கையில் கிடைக்கும்வரை காத்திருந்தது போல. அங்கே குடியிருக்கும் காவற்கலங்கள் மூளையில் கிடைத்த புரதத் துண்டுகளைத் தூக்கிக் காட்டுகின்றன. ரீ-கலம் என்ற வகையைச் சேர்ந்த அந்த வெண்குழியம் தான் தேடி வந்த துண்டை அங்கே கண்டுகொண்டால் மறுபடி விழிப்பூட்டப்படுகிறது. நொதியங்களால் இரண்டாம் வேலியை அறுத்துக்கொண்டு உள்ளே போகிறது. காணாவிட்டால் வந்த வழியே போகும், அல்லது அங்கேயே சாகும். எம்.எஸ். நோயில் அது தேடி வந்த துண்டு, மயலின் போன்ற நம்முடைய சொந்தப் பொருள்.

ஒப்புமை இத்தோடு நிற்கட்டும். அந்தச் சாவடிகளில் வரிசையில் நின்றவர்கள் நோய் அல்லர்.

இனி மருந்துகள். தாளிலிருந்த மூன்றும் ஒரே கலங்களை மூன்று வெவ்வேறு இடங்களில் நிறுத்துகின்றன. நாட்டலிசுமாப் மதில் வாசலில். பிங்கோலிமொட் அவை புறப்படும் ஊரில். ரிட்டுக்ஸிமாப் பி-கலங்கள் என்ற ஒரு வகுப்பாரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. இன்டர்பெரோன், கிளட்டிராமர் ஊசிகளும் உண்டு. 1993இல் முதன்முதலாக இந்த நோய்க்கு அங்கீகாரம் பெற்றது இன்டர்பெரோன்தான். பாதுகாப்பானவை, ஆனால் நோய் திடீரென்று தலைதூக்கும் தாக்குதல்களில் மூன்றில் ஒரு பங்கையே குறைப்பவை. ஒரு வருடத்துக்குள் கண்ணையும் முண்ணாணையும் தொட்ட நோய்க்கு அது போதாது என்று நிபுணர் அவற்றைத் தாளில் எழுதவேயில்லை. எனக்கும் அதில் மறுப்பு இல்லை.

நாட்டலிசுமாப் எனக்கு அறிவியலாகப் பிடித்த மருந்து. 1992இல், ஆல்பா-4 கொக்கியை ஒரு பிறபொருளெதிரியால் (குறிப்பிட்ட ஒரு பொருளைப் பற்றிப் பிடிக்கும் புரதத்தால்) மூடினால் எலிகளில் இதை ஒத்த நோய் வராமல் தடுக்கலாம் என்று காட்டினார்கள். கொக்கி மூடிய கலம் சுவரில் நிற்க முடியாமல் வழுக்கிப் போய்விடும். அவ்வளவுதான் தந்திரம். நாலு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், சேலைன் ஏற்றுவது போல் நாளத்தில். பெரிய ஆய்வில் மருந்தில்லாத போலி ஏற்றல் பெற்றவர்களோடு ஒப்பிட, தாக்குதல்கள் 68 வீதம் குறைந்தன. 2004 நவம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது.

2005 பெப்ரவரியில் விற்பனையை நிறுத்தினார்கள். ரோந்துக்காரரை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். வளர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உடம்பில் ஜே.சி. என்ற வைரஸ் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. மூளையில் அது தலைதூக்காமல் பார்த்துக்கொள்வது அந்த ரோந்துதான். வாசலை மூடினால் கெட்டவர் மட்டுமல்ல, ரோந்துக்காரரும் வெளியே நிற்கிறார்கள். மருந்து எடுத்த சிலருக்கு வைரஸ் மூளையின் வெண்பகுதியைத் தின்னத் தொடங்கியது, பி.எம்.எல். என்பார்கள். 2006இல் கடும் கண்காணிப்போடு மருந்து திரும்பி வந்தது. இன்று ஜே.சி. வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரி குருதியில் உண்டா, எவ்வளவு என்று முதலில் பார்க்கிறார்கள். இல்லாதவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. இருப்பவர்களுக்கு, இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தாலோ, முன்பு வேறு நிர்ப்பீடன அடக்கி மருந்துகள் எடுத்திருந்தாலோ, அது ஏறுகிறது.

பிங்கோலிமொட்டின் கதை வேறு. அதன் மூதாதை, பூச்சிப் புழுக்களைப் பற்றி வளரும் ஒரு பூஞ்சணத்தில் கிடைத்த பொருள். தினமும் 0.5 மில்லிகிராம் குளிகை. 2010இல் அங்கீகாரம் பெற்றபோது, இந்த நோய்க்கு வாயால் எடுக்கும் முதல் மருந்து அது. ரீ-கலங்கள் நிணநீர்க்கணுவுக்குள் போய் வருபவை. அங்கிருந்து வெளியேற அவை ஒரு வாசனையைப் பின்பற்றுகின்றன: எஸ்1பி என்ற கொழுப்பு மூலக்கூறு, கணுவுக்குள் குறைவு, குருதியில் அதிகம். பிங்கோலிமொட் அந்த மூக்கை அடைத்துவிடுகிறது. கலங்கள் சாகவில்லை, வீட்டை விட்டுக் கிளம்பவில்லை, அவ்வளவே. பெரிய ஆய்வில் மருந்தில்லாத போலிக் குளிகையோடு ஒப்பிடத் தாக்குதல்கள் 54 வீதம் குறைந்தன. இந்த 54ஐயும் மேலே சொன்ன 68ஐயும் பக்கத்தில் வைத்துப் பரீட்சைப் புள்ளி போலப் பார்க்கக் கூடாது. இரண்டும் வெவ்வேறு ஆட்களில், வெவ்வேறு காலத்தில் எடுத்த கணக்குகள்.

ஆய்வுகூடக்காரிக்கு இந்த மருந்து ஒரு சோதனை. ஒருமுறை நிணநீர்க்குழிய (ரீ-கலமும் பி-கலமும் அடங்கும் வெண்குழிய வகை) எண்ணிக்கை அடிமட்டத்தில் வந்த ஓர் அறிக்கையை நாங்கள் மூன்று முறை திருப்பி ஓட்டினோம். இயந்திரம் பழுது என்று முடிவுகட்டப் போகும் வேளையில்தான், நோயாளி வெளிநாட்டிலிருந்து இந்தக் குளிகையோடு வந்தவர் என்று வாட்டிலிருந்து தெரியவந்தது. பரிசோதனைப் படிவத்தில் எடுக்கும் மருந்துகளை எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் என்ன குறைந்துவிடும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

குளிகைதானே, வசதி என்று தங்கை நினைத்தாள். முதல் குளிகை இதயத் துடிப்பை மந்தமாக்கக்கூடும் என்பதால் ஆறு மணித்தியாலம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். கண்ணின் பின்பக்கத்தில் வீக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கொப்புளிப்பான் வராதவர்கள் மருந்துக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். அது உயிருள்ள தடுப்பூசி, மருந்து தொடங்கிய பின் போட முடியாது. எங்கள் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்ததில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் அம்மாள் வருத்தம் என்றதும் இவளை மாமி வீட்டுக்கு அனுப்பிக் காப்பாற்றிய பெருமை என் தங்கையுடையது. அந்தப் பெருமைக்கு இப்போது விலை கொடுத்தோம்: எந்த மருந்தானாலும் தடுப்பூசி போட்டுவிட்டே தொடங்குவது என்று நிபுணர் சொல்லிவிட்டார்.

மூன்றாவது பெயர்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ரிட்டுக்ஸிமாப் 1997இல் நிணநீர்ப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. பி-கலங்களின் மேலுள்ள சி.டி.20 என்ற அடையாளத்தைப் பிடித்து அவற்றை அழிக்கிறது. எம்.எஸ். ரீ-கலங்களின் நோய் என்று படித்தவர்களுக்கு இது பொருந்தாத வேலையாகப்பட்டது. 2008இல் 104 பேரில் செய்த ஆய்வின் முடிவு வந்தது. ஸ்கேனில் புதிதாக ஒளிரும் புண்கள் 91 வீதம் குறைந்திருந்தன. அதுவும் சில வாரங்களிலேயே. பி-கலங்கள் விஷப் பிறபொருளெதிரிகளைச் சுரப்பதாலேயே கெடுதல் என்றால் பலன் இத்தனை விரைவில் வந்திருக்கக் கூடாது. அவற்றைச் சுரக்கும் முதிர்ந்த கலங்களில் சி.டி.20 இல்லை, மருந்து அவற்றைத் தொடுவதில்லை. முண்ணாண் பாய்பொருளைப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: பி-கலங்களோடு ரீ-கலங்களும் அதில் குறைந்திருந்தன. இத்தனைக்கும் ரிட்டுக்ஸிமாப் பெரிய மூலக்கூறு. குருதியில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் பாய்பொருளுக்குள் போகிறது. ஆக, வேலை பெரும்பாலும் வெளியே நடக்கிறது. ரீ-கலத்தைத் தூண்டி, புரதத் துண்டைக் காட்டி, "போ" என்று அனுப்பிவைத்த கை பி-கலத்தினுடையது. அனுப்புகிறவர் இல்லையென்றால் போகிறவரும் குறைகிறார். என் தொழில் வாழ்க்கையில் நான் ரசித்து வாசித்த முடிவுகளில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

இதன் தங்கை மருந்தான ஒக்ரெலிசுமாப் 2017இல் எம்.எஸ்.ஸுக்கென்றே அங்கீகாரம் பெற்றது. ரிட்டுக்ஸிமாப்புக்கு அந்த அங்கீகாரம் கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை. காப்புரிமை முடிகிற மருந்துக்கு யார் பணம் செலவழிப்பார்கள்? ஆனால் சுவீடனில் வைத்தியர்கள் அதையே பரவலாகப் பயன்படுத்தினார்கள். 200 பேரில் டைமெதைல் பியூமரேற் என்ற குளிகையோடு ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள்: இரண்டு வருடத்தில் தாக்குதல் கண்டவர்கள் ரிட்டுக்ஸிமாப்பில் 3 வீதம், குளிகையில் 16 வீதம். 2023இல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்.ஸுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஒப்பான தயாரிப்புகள் பல வந்துவிட்டதால் விலையிலும் எட்டக்கூடியது.

குறையில்லாத மருந்து என்று சொல்லவில்லை. மறைந்திருக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸை இது எழுப்பிவிடும். பார்க்காமல் ஏற்றுவது குற்றம். பல வருடம் தொடர்ந்தால் குருதியில் பாதுகாப்புப் பிறபொருளெதிரிகள் குறைந்து, சளியும் சிறுநீர்த் தொற்றும் திரும்பத் திரும்ப வரலாம். போடும் தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது.

இங்கே ஒரு குறுக்கு விடயம், ஆனால் நம் பகுதியில் முதலாவது விடயம். நியூரோமைலிட்டிஸ் ஒப்டிக்கா என்று ஒரு நோய் எம்.எஸ். வேடத்தில் வரும், அதுவும் கண் நரம்பையும் முண்ணாணையும்தான் தாக்கும். 2004இல் அதற்குரிய தனிப் பிறபொருளெதிரியைக் கண்டுபிடித்த பிறகே இரண்டையும் தெளிவாகப் பிரிக்க முடிந்தது. ஆசியரில் எம்.எஸ்.ஸோடு ஒப்பிட அதன் பங்கு மேற்கு நாடுகளைவிட அதிகம். அந்த நோய்க்கு இன்டர்பெரோனோ, பிங்கோலிமொட்டோ, நாட்டலிசுமாப்போ கொடுத்தால் நோயாளி மோசமாகக்கூடும். ரிட்டுக்ஸிமாப் இரண்டு நோய்க்கும் உதவும். கண்ணில் தொடங்கி முண்ணாணுக்குப் போன எங்கள் பிள்ளைக்கு இந்தப் பரிசோதனை செய்யாமல் ஒரு குளிகையும் வாங்குவதில்லை என்று நான் பிடிவாதமாக நின்றேன். அறிக்கை வரும்வரை தங்கை என்னோடு சரியாகப் பேசவில்லை. அது வந்தது, அந்த நோய் இல்லை.

பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கியது. மருந்து கையில் இருக்கும்போது மூன்றும் நல்ல மருந்துகள். நாங்கள் 2022இன் பொருளாதார நெருக்கடியை மறக்கவில்லை. பதின்மூன்று மணி நேர மின்வெட்டு, பாமசி பாமசியாக அலைந்தது, சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போனது. ஆகவே தங்கையிடம் கேட்டேன்: "இந்த மருந்து இரண்டு மாதம் வராவிட்டால் என்ன நடக்கும்?" அதற்கு விடை, கலத்தை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

வாசலில் நிறுத்தினால், வெளியே கூட்டம் சேருகிறது. நாட்டலிசுமாப் எடுப்பவர்களின் குருதியில் நிணநீர்க்குழியங்கள் கூடியே இருக்கும். உள்ளே போக முடியாமல் நிற்பவை. வாசற்காரர் லீவில் போனால் அத்தனையும் ஒன்றாக உள்ளே. நிறுத்தி மூன்று, நான்கு மாதத்தில் நோய் திரும்புகிறது, சிலருக்கு முன்பிருந்ததைவிடக் கடுமையாக. பிங்கோலிமொட்டும் அப்படியே: கணுவுக்குள் அடைபட்டவை ஓரிரு மாதத்தில் வெளியே வந்துவிடும். நிறுத்தியபின் வரும் கடும் தாக்குதலைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 நவம்பரில் தனி எச்சரிக்கையே விட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டுத் தொடங்கினால் இதயக் கண்காணிப்பும் முதலிலிருந்து. குளிகையை 25 பாகைக்குள் வைக்கவும் சொல்கிறார்கள். கொழும்பில் மின்விசிறி இல்லாத மத்தியானத்தில் எந்த அலுமாரி 25 பாகையில் இருக்கிறது?

ரிட்டுக்ஸிமாப் யாரையும் அடைத்து வைக்கவில்லை. அழிந்த பி-கலங்கள் என்புமச்சையிலிருந்து மெல்ல மெல்லப் புதிதாகப் பிறந்து வர வேண்டும். அதற்கு ஆறு முதல் ஒன்பது மாதம், சிலருக்கு இன்னும் கூட. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து இரண்டு மாதம் பிந்தினால் நெஞ்சு படபடக்கும், ஆனால் வாசல் உடைந்து கூட்டம் பாயாது. உடம்பில் ஜே.சி. வைரஸ் இல்லாதவளாக, மருந்து மாதம் தவறாமல் கதவைத் தட்டும் வேறோர் ஊரில் இவள் இருந்திருந்தால், நான் நாட்டலிசுமாப்பையே சொல்லியிருப்பேன். வேலை தொடங்கும் வேகமும் அதன் சுத்தமும் அப்படி.

கலியாணப் பேச்சும் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. பிங்கோலிமொட் கருவுக்கு ஆகாது. கருத்தரிக்க இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், நிறுத்தினால் மேலே சொன்ன பாய்ச்சல். அதோடு அந்தப் பெயரைத் தாளில் வெட்டினோம். ரிட்டுக்ஸிமாப்பின் மருந்துத் தாளும் 12 மாத இடைவெளி கேட்கிறது. ஆனால் பல நரம்பியல் நிபுணர்கள் அதற்குக் குறைந்த இடைவெளியை ஏற்கிறார்கள். மருந்து உடம்பை விட்டுப் போன பின்பும் அதன் பலன் தொடர்ந்து நிற்பதால் இடையில் காவல் இருக்கும்.

ரிட்டுக்ஸிமாப்தான் என்று எல்லாம் முடிவான மாலை பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள். "ஏற்கெனவே உள்ளே போய்விட்டவர்களை என்ன செய்வது, பெரியம்மா?"

நல்ல கேள்வி, விடை அவ்வளவு நல்லதல்ல. மூளைக்குள் வெளியிலிருந்து வராத நிர்ப்பீடனக் கலங்களும் உண்டு: மைக்ரோகிளியா. 1919இல் ஸ்பெயின் நாட்டு டெல் ரியோ ஓர்த்தேகா பெயர் வைத்தார். அவை கருவின் மஞ்சட்கருப்பையிலிருந்து ஆரம்பத்திலேயே மூளைக்குள் குடியேறியவை என்று எலிகளில் 2010இல் நிறுவினார்கள். நோய் பல வருடம் நீடித்தவர்களில், வெளியிலிருந்து ஆள் வராத காலத்திலும் இவை பழைய புண்களின் விளிம்பில் கனன்றுகொண்டிருக்கின்றன. வாசலை அடைத்து இதை அணைக்க முடியாது. முன்னேறிய கட்ட நோயில் நாட்டலிசுமாப்பும் பிங்கோலிமொட்டும் பெரிய ஆய்வுகளில் தோற்றன. ஒக்ரெலிசுமாப் ஓரளவு, 24 வீதம், தாமதப்படுத்தியது. மதிலைத் தாண்டிப் போகக்கூடிய சிறு மூலக்கூறான டோலெபுருட்டினிப் இயலாமை கூடுவதை 31 வீதம் குறைத்ததாக 2025இல் வெளியிட்டார்கள்; ஈரலுக்குக் கேடு என்ற பயமும் கூடவே இருக்கிறது. "இப்போதைக்கு, உள்ளே போகிறவர்களைக் குறைத்தால் உள்ளே எரிவதற்கு விறகு குறையும்" என்றேன். அவள் திருப்திப்படவில்லை. நானும்தான்.

கொப்புளிப்பான் தடுப்பூசி இரண்டு, இடையில் காத்திருப்பு, ஹெப்பற்றைற்றிஸ், காசநோய்ப் பரிசோதனைகள், பிறபொருளெதிரிகளின் ஆரம்ப அளவு. எல்லாம் முடிந்து முதல் ஏற்றல். முதலில் அலர்ஜிக்கு ஊசி, ஸ்டெரொயிட், பரசிற்றமோல். பிறகு மருந்து, மிக மெதுவாக. அரை மணித்தியாலத்தில் தொண்டை அரிக்கிறது என்றாள். தாதி ஓடி வந்து துளியை நிறுத்தினார். அரிப்பு அடங்கியதும் பாதி வேகத்தில் மறுபடி திறந்தார். நான் பழக்கதோஷத்தில் துளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாலை ஐந்து மணிக்குத்தான் முடிந்தது. காலி வீதியின் புழுக்கத்தில் வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கு ஒரு கண் மங்கியது. சூடு கூடினால் பழைய புண் அப்படிக் காட்டும். புதிய தாக்குதல் அல்ல. மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் இருந்ததும் தெளிந்தது. செவ்வரத்தை மட்டும் அந்தக் கண்ணுக்கு இன்னும் செங்கல்தான்.

ஒரு மாதம் கழித்துப் பி-கலங்களின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். சி.டி.20ஐ மருந்தே மூடிவிடும் என்பதால் சி.டி.19 என்ற வேறோர் அடையாளத்தை வைத்து எண்ண வேண்டும். அறிக்கையை என் கையில் தந்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பூச்சியம் என்று போட்டிருக்கிறது, பெரியம்மா. பூச்சியம் நல்லதா?"

"இந்த ஒரு தாளில் மட்டும் நல்லது, பிள்ளை" என்றேன்.